வகுப்பில் இருக்கிறேன், பாடம்தான் ஏறவில்லை

கேள்வி (2021, கோவிட் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடியிருந்த காலம்): நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. முதல் ஆண்டில் சில மாதங்கள்தான் கல்லூரிக்குப் போனேன். பெருந்தொற்று வந்த பிறகு எல்லாமே ஃபோனில்தான். காலையில் லாகின் செய்து, மியூட் போட்டுவிட்டு, பாதி நேரம் படுத்தபடியே கேட்கிறேன். ராத்திரி தூங்க மூன்று மணி ஆகிவிடுகிறது. ‘பதிவு இருக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டதில், பார்க்காத வீடியோக்கள் 40-க்கு மேல் சேர்ந்துவிட்டன. வீட்டில் ஒரே ஃபோன். தம்பிக்கும் வகுப்பு இருக்கிறது. கேமராவைப் போடச் சொன்னால் கூசுகிறது. அம்மாவோ ‘எப்பப் பார்த்தாலும் ஃபோன்தானா?’ என்கிறார். ஆன்லைன் தேர்வில் நண்பர்கள் அனுப்பிய விடைகளைப் பார்த்து எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சில நாள் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. பள்ளியில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவள் நான். சோம்பேறியாகிவிட்டேனா? பேசாமல் ஓராண்டு படிப்பை நிறுத்திவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் (மாணவர் நல ஆலோசகர்):

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் சோம்பேறி இல்லை. சோம்பேறியாக இருந்தால் பார்க்காத வீடியோக்களை எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பெருந்தொற்று தொடங்கியதிலிருந்து என்னிடம் பேசிய மாணவர்களில் பெரும்பாலோர் நீங்கள் எழுதியதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகமாக நொந்துபோய் வருகிறார்கள். தன்னிடம்தான் கோளாறு என்று அவர்கள் முடிவே கட்டிவிடுகிறார்கள்.

உங்களுக்கு இப்போது கிடைத்துக்கொண்டிருப்பது முறையான இணையவழிக் கல்வியே இல்லை என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11-ஆம் தேதி. அதையொட்டிச் சில வாரங்களிலேயே உலகம் முழுக்கக் கல்லூரிகள் மூடப்பட்டன. உச்சகட்டத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு பாதிக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. அந்த மார்ச் மாதக் கடைசியிலேயே சார்லஸ் ஹாட்ஜஸ் என்ற கல்வியாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கட்டுரையில் இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லிவிட்டார்கள். இப்போது நடப்பது அவசரகாலத் தொலைக் கற்பித்தல்; ஒரு பாடத்தை இணையவழிக்கென்றே திட்டமிட்டு உருவாக்க வழக்கமாக 6 முதல் 9 மாதங்கள் பிடிக்கும் என்று அதில் எழுதினார்கள். உங்கள் பேராசிரியர்களுக்குக் கிடைத்தது சில நாட்கள். கரும்பலகையில் நடத்திக்கொண்டிருந்த அதே பாடத்தை அப்படியே தூக்கி ஃபோன் திரைக்குள் வைத்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது.

தொலைவில் இருந்து படிப்பது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கப்பட்டு இன்று வரை அதைத்தான் செய்துவருகிறது. ஆனால் அங்கே பாடப்புத்தகமே தனியாகப் படிப்பவருக்காக எழுதப்படுகிறது. எழுதி அனுப்பும் பயிற்சித் தாளைத் திருத்திக் கருத்து சொல்ல ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பாடத்தோடு ஒரு ஆளும் சேர்ந்தே வருகிறார். உங்களுக்குப் பாடம் வந்தது, ஆள் வரவில்லை. உங்கள் பிரச்சினையின் ஆணிவேர் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வகுப்பறையில் உட்கார்ந்திருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். ஒரு சமன்பாட்டில் எங்கோ தவறவிட்டால் பக்கத்தில் இருப்பவளின் நோட்டை எட்டிப் பார்ப்பீர்கள். அவளும் முழித்தால், ‘சரி, நமக்கு மட்டும் இல்லை’ என்று தைரியமாகக் கை தூக்குவீர்கள். நாலு முகம் சுருங்குவதைப் பார்த்ததும் பேராசிரியர் தானாகவே இன்னொரு முறை சொல்வார். வகுப்பு முடிந்து நடக்கும்போது, ‘அந்தக் குறி ஏன் மைனஸ் ஆச்சு?’ என்று யாரையாவது கேட்பீர்கள். இதையெல்லாம் யாரும் படிப்பு என்று கணக்கில் வைப்பதில்லை. ஆனால் பாதிப் பாடம் இப்படித்தான் ஏறுகிறது. இப்போது பேராசிரியருக்கும் தெரிவது பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள், உங்களுக்கும் தெரிவது அதே கட்டங்கள். யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது.

ஆகவே நேர அட்டவணை, செயலி எதையும் தேடும் முன்னால் ஒரு ஆளைப் பிடியுங்கள். உங்கள் வகுப்பிலேயே ஒருவர், அதிகம் போனால் இருவர். முதல் மாணவியாக இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களைப் போலவே பின்தங்கியவராக இருந்தால் இன்னும் நல்லது. ‘எனக்கும் நிறைய பாக்கி இருக்கு, தினமும் அரை மணி நேரம் சேர்ந்து படிக்கலாமா?’ என்று கேளுங்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள், அவர்களும் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள். வீடியோ வேண்டாம், சாதாரண ஃபோன் அழைப்பு போதும். ஒரு நாள் நீங்கள் ஒரு சின்னத் தலைப்பை அவருக்குச் சொல்லித் தர வேண்டும், மறுநாள் அவர் உங்களுக்கு. நாளைக்கு இன்னொருவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று இருந்தால் பாடத்தைக் கேட்கும் விதமே மாறிவிடும். சொல்லும்போது எந்த இடத்தில் திக்குகிறீர்களோ, அந்த இடம்தான் புரியாத இடம். எட்டிப் பார்க்க இல்லாமல் போன அந்தப் பக்கத்து நோட்டு இப்படித்தான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

இனி அந்த 40 வீடியோக்கள். இதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். ‘ஞாயிற்றுக்கிழமை முதல் வீடியோவிலிருந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிடுவேன்’ என்று தீர்மானம் போடுவார்கள். இரண்டு வீடியோவுக்குள் தலை வலிக்கும். அந்த வாரத்து வகுப்புகளும் அதற்குள் குவியலில் சேர்ந்திருக்கும். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கமே போகத் தோன்றாது.

பழையதை விடுங்கள், இன்றைய வகுப்பிலிருந்து தொடங்குங்கள். முன் பாடம் தெரியாமல் இன்றையது புரியாதே என்று தோன்றும். முழுதாகப் புரியாதுதான், பரவாயில்லை. இன்றைய வகுப்பை இன்றே கேட்டு, முடிந்த கையோடு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து வரி வந்தாலும் போதும். இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால் குவியல் வளர்வது நிற்கும். அது நின்றால்தான் மனதிலிருக்கும் அந்தப் பயம் அடங்கும்.

ஏன் பார்க்காமல் எழுதச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பப் படித்தார்கள், இன்னொரு பிரிவினர் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள்.

பழைய பாக்கிக்கு இரண்டு வாரம் கழித்து வாருங்கள், ஆனால் கடைசியிலிருந்து வாருங்கள். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை எடுத்துவைத்து, திரும்பத் திரும்ப எது கேட்கப்படுகிறது என்று குறியுங்கள். அதில் ஒரு கேள்வியை எடுத்துப் புத்தகத்தைப் பார்த்து விடை எழுத முயலுங்கள். எங்கே தடுக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் வீடியோவைத் திறந்து, அந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டுவிட்டு மூடுங்கள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேட்பதிலும் தவறில்லை. இப்படிச் செய்தால் 40 வீடியோக்களில் பலவற்றை நீங்கள் முழுதாகப் பார்க்கவே வேண்டியிருக்காது. சிலவற்றைத் திறக்காமலே தேர்வு எழுதுவீர்கள், அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். நேரடி வகுப்பு நடந்த காலத்தில் நீங்கள் கவனிக்காமல் விட்ட மணி நேரங்களை யாரும் பதிவு செய்து குவித்து வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேமராவைப் பற்றி. கேமராவைக் கட்டாயமாக்குவது சரியில்லை என்பது என் கருத்து. ஒருவருடைய வீட்டுக்குள் எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி செய்ய எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. அதில் வரும் களைப்பும் நிஜம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் இந்தக் களைப்புக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். பல முகங்கள் மிக அருகில் நம்மையே பார்ப்பது போல இருப்பது, நம் முகத்தை நாமே ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே இடத்தில் அசையாமல் இருக்க வேண்டியிருப்பது, தலையாட்டல் போன்ற சாதாரண சைகைகளுக்குக்கூட மெனக்கெட வேண்டியிருப்பது. இதில் இரண்டாவதை இன்றே சரிசெய்யலாம். பெரும்பாலான செயலிகளில் உங்கள் முகம் உங்களுக்கு மட்டும் தெரியாதபடி மறைக்கும் வசதி உண்டு. கேமரா போட்டே ஆக வேண்டிய வகுப்பில் அதை மறைத்துவிட்டு, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி உட்காருங்கள். மற்ற வகுப்புகளில் கேமரா வேண்டாம். ஆனால் ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வியையாவது எழுத்தில் அனுப்புங்கள். கறுப்புக் கட்டங்களுக்கு நடுவே ஒரு கேள்வி வந்தாலே அந்த ஆசிரியருக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

ஒரே ஃபோன் என்ற சிக்கலை நீங்களும் தம்பியும் வீட்டுக்குள்ளேயே தீர்க்கப் பார்க்கிறீர்கள். அது கல்லூரிக்குத் தெரிய வேண்டிய விஷயம். மாணவர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், கடைசியில் வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் சொல்கிறார்கள். அப்போது அது சாக்குப்போக்காகத் தெரியும். இன்றே எழுதுங்கள், சுருக்கமாக, இப்படி:

‘வணக்கம். நான் இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி. எங்கள் வீட்டில் ஒரே ஃபோன்தான் இருக்கிறது. செவ்வாய், வியாழன் காலை 10 மணி வகுப்பின்போது என் தம்பிக்கும் வகுப்பு நடக்கிறது. அந்த இரண்டு வகுப்புகளின் பதிவை அன்று மாலையே பார்த்து, ஒரு பக்கக் குறிப்பு எழுதி இரவுக்குள் அனுப்பிவிடுகிறேன். அதை வருகையாக ஏற்றுக்கொள்ள முடியுமா?’

கிழமையையும் நேரத்தையும் உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். என்ன கஷ்டம் என்பதோடு, அதற்கு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பெரும்பாலும் சரி என்பார்கள். டேட்டா தீர்ந்துபோவதும் பிரச்சினை என்றால், பாடக் குறிப்பை பிடிஎஃப்பாகவும் பேச்சை ஒலிப்பதிவாகவும் தர முடியுமா என்று கேளுங்கள். ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு அரை ஜிபிக்கு மேல்கூடப் போகலாம், வெறும் ஒலி என்றால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பல ஆசிரியர்களுக்கு இது தெரியாது. சொன்னால் செய்வார்கள்.

அம்மாவிடம் கோபப்படாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் வகுப்பும் அரட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும், இரண்டுக்கும் தலை குனிந்தபடிதானே இருக்கிறீர்கள்! வார அட்டவணையை எழுதி அவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். வகுப்பு நேரத்தில் மேசையோ தரையோ, நிமிர்ந்து உட்காருங்கள், கையில் நோட்டும் பேனாவும் இருக்கட்டும். இது அம்மாவுக்காக மட்டும் இல்லை. படுத்துக்கொண்டு வகுப்பு கேட்டால் அந்த இடத்தில் பாடமும் ஏறாது, இரவில் அதே இடத்தில் தூக்கமும் வராது.

தூக்கத்தைப் பொறுத்தவரை, இன்றைக்கே பத்து மணிக்குத் தூங்கிவிட வேண்டும் என்று முயலாதீர்கள். படுத்துக்கொண்டு கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எழும் நேரத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்து, வகுப்புக்கு முன் கால் மணி நேரமாவது வெளிச்சத்தில் நில்லுங்கள். சில நாள் பகலெல்லாம் கண் சொக்கும். அப்புறம் இரவுத் தூக்கம் தானாகவே முன்னால் நகரும். படுக்கும் இடத்துக்கு ஃபோனைக் கொண்டுபோகாதீர்கள். அதன் வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும்.

தேர்வு விஷயத்துக்கு வருகிறேன். அதை நீங்களாகவே எழுதியதால் உங்களுக்கு அது உறுத்துகிறது என்று தெரிகிறது. நான் உபதேசம் செய்யப்போவதில்லை. ஆனால் அந்த மதிப்பெண் கைமாற்றாக வாங்கிய பணம் மாதிரி, மூன்றாம் ஆண்டில் திருப்பிக் கேட்பார்கள். வெப்ப இயக்கவியலில் கிப்ஸ் ஆற்றல் புரியாமல் தாண்டியிருந்தால், மின்வேதியியலில் நெர்ன்ஸ்ட் சமன்பாடு வரும்போது அது வெறும் எழுத்துக் கூட்டமாகத்தான் தெரியும். பார்த்து எழுதிய அதே வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் தோழியோடு சேர்ந்து இன்னொரு முறை எழுதி, ஒருவர் தாளை மற்றவர் திருத்துங்கள். அடுத்த தேர்வில் விடைகள் வரும் குழுவை அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் திறக்காதீர்கள். மதிப்பெண் குறையும். குறையட்டும், எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியவரும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆய்வகம். வேதியியல் மாணவிக்குப் பெரிய இழப்பு அதுதான். தரம்பார்த்தலை, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிக்கும் சோதனையை, வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பினால்ப்தலீன் என்ற நிறங்காட்டி விட்ட குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றுவதும், குலுக்கியதும் மறைவதும், ஒரு சொட்டில் மறையாமல் நின்றுவிடுவதும் திரையில் அழகாகத் தெரியும். ஆனால் இடது கையால் ப்யூரெட் என்ற அளவுக் குழாயின் திருகைப் பிடித்து, அந்தக் கடைசி அரைச் சொட்டை நிறுத்தும் பக்குவம் கைக்கு வர வேண்டும். அதை எந்த வீடியோவும் தராது. கருத்தைப் புரிந்துகொள்ள, கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ‘ஃபெட்’ (PhET) என்ற இணையச் செயல்விளக்கங்கள் நன்றாக இருக்கும். கைப் பழக்கத்துக்கு, கல்லூரி திறந்ததும் விட்டுப்போன செய்முறைகளுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்று வகுப்பாகச் சேர்ந்து துறைத் தலைவரிடம் இப்போதே எழுதிக் கேளுங்கள். திறந்த பிறகு கேட்டால் பாடத்தை முடிக்கும் அவசரத்தில் அது காணாமல் போய்விடும்.

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது ஒரு சின்ன வரியில். சில நாள் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள், அதுவும் தூக்கம் போதாததால் என்றால் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படி இருந்தாலோ, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனாலோ, சாப்பாடும் தூக்கமும் வெகுவாக மாறிவிட்டாலோ, அது படிப்புப் பிரச்சினையைத் தாண்டிய விஷயம். மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம், இல்லையென்றால் மருத்துவர் ஒருவரிடம் பேசுங்கள். இப்போது பலர் ஃபோனிலேயே பேசுகிறார்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு முறை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே அம்மாவிடமோ நம்பும் ஒருவரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களோடு மருத்துவரிடம் போங்கள்.

படிப்பை ஓராண்டு நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடல்நலமோ மனநலமோ காரணமாக மருத்துவர் சொன்னால் தயங்காமல் நிறுத்துங்கள், ஓராண்டு ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் வீடியோக்கள் சேர்ந்துவிட்டன என்ற பயத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். வகுப்பும் இல்லாமல், நண்பர்களும் அடுத்த ஆண்டுக்குப் போய்விட்ட பிறகு, அதே அறையில் அதே ஃபோனோடு இருப்பது இதைவிடக் கடினம். நான்கு வாரம் நான் சொன்னபடி நடந்து பாருங்கள், அதுவரை முடிவெடுக்க வேண்டாம். இதற்கிடையே கல்லூரி அலுவலகத்தில் சில தகவல்களைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடங்களையும் விடாமல், இந்த செமஸ்டரில் ஒன்றிரண்டை மட்டும் தள்ளிவைக்க முடியுமா, அப்படித் தள்ளிவைத்தால் அது அரியர் கணக்கில் வருமா, நிறுத்துவதானால் தற்காலிக விடுப்பு எடுப்பதற்கும் பெயரையே நீக்கிக்கொள்வதற்கும் என்ன வித்தியாசம், உதவித்தொகை இருந்தால் அது தொடருமா, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது. பதிலை வாய்மொழியாக வாங்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.